நாகஜோதியின் இடது கால்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் நாகஜோதிக்குச் செக்கிங் பிரிவின் பொறுப்பு. நாற்பது பெண்கள் வெளிச்சமான மேசைகளின் முன்னால் நின்று டீசர்ட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் கழித்துப் போட்டதை நாகஜோதி இன்னொருமுறை பார்ப்பாள். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு, தையல் விட்டது என்று குறையின் பெயரை எழுதாமல் ஒரு பீஸைக்கூட அவள் தள்ளியதில்லை. 'நல்லா இல்லைன்னு சொல்லக் கூடாது, என்ன நல்லா இல்லைன்னு சொல்லணும்' என்பது அங்கே புதிதாக வரும் ஒவ்வொருத்தியும் முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொள்ளும் பாடம்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் பிசிறு வெட்டும் வேலைக்கு வந்தவள். இப்போது முப்பத்தெட்டு ஆகிறது. கணவன் முனீஸ் பக்கத்துக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டுவான். ஆனால் சைக்கிளுக்கு மேற்பட்ட எந்த வண்டியும் அவனுக்கு அடங்கியதில்லை. டிரைவிங் பள்ளியில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். மூன்றாம் நாள் முனீஸ் காரை ஓர் இளநீர்க் கடைக்குள் விட்டான். இறங்கினான், இளநீர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டான், அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டான். நாகஜோதி மட்டும் முழுதாகக் கற்று லைசென்ஸ் வாங்கினாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் மடியில் ஒரு மரஸ்கேலை வைத்திருப்பார். கியர் போட்ட பிறகும் கிளட்ச் பெடலில் கால் இருந்தால் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவார். முதல் வாரத்தில் ஏழு தட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

அதனால்தான் பின்னால் நடந்ததெல்லாம் அவளுக்கு அவ்வளவு உறைத்தது.

தை மாதத்தில் புதுக் கார் வாங்கினார்கள். வைகாசியில் தாராபுரத்தில் முனீஸின் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் முனீஸ் இல்லாமல் காரியம் நடக்காது. நாகஜோதி ஓட்ட, முனீஸ் பக்கத்தில் உட்கார, மாமியார் ராக்கம்மாள் சீர்த் தட்டுகளோடு பின் இருக்கையை நிறைத்துக்கொள்ள, காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். அவிநாசிபாளையத்தை நெருங்கும்போது இன்ஜின் இரைந்தது, வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை அமுக்க அமுக்கச் சத்தம்தான் கூடியது. கண்டக்டர் ஏறாத பஸ் மாதிரி கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

"ஏத்தா நாகு, யாரோ சோத்தைத் தீய விட்டுட்டாளுக போல" என்றாள் ராக்கம்மாள்.

தீய்ந்தது சோறு இல்லை, கிளட்ச். அப்போது கார் ஓடியிருந்தது ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். முனீஸ் பஸ் பிடித்துத் தாராபுரம் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் போய், பந்தி முடிந்து, காது குத்த வந்த ஆசாரி இரண்டாவது தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். தங்கை அன்றிலிருந்து அண்ணனோடு பேசவில்லை.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் சர்வீஸ் சென்டரில் விட்டார்கள். அங்கே பரணி என்ற இளைஞன்தான் வாடிக்கையாளர்களிடம் பேசுகிறவன். மிகவும் மரியாதையானவன். எதையும் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் தண்ணீர் பாட்டில் கொடுப்பான். நாகஜோதிக்கும் கொடுத்தான்.

"கிளட்ச் தேயுற சாமானுங்க மேடம். அதுக்கு வாரண்டி வராதுங்க" என்றான்.

தேய்கிற சாமான் எத்தனை கிலோமீட்டரில் தேய வேண்டும் என்று நாகஜோதி கேட்டாள். அது ஓட்டுகிறவரைப் பொறுத்தது என்றான் பரணி. சரி, ஓட்டுகிறவரிடம் என்ன குறை என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து அதற்குக் கடிதமாகவே பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்த அந்தக் கடிதத்தின் சாரம் ஒரே வரி: வாடிக்கையாளர் இடது காலைக் கிளட்ச் பெடலின்மேல் ஊன்றியபடியே ஓட்டும் பழக்கம் உள்ளவர், ஆகவே வாரண்டி கிடையாது.

நாகஜோதி அந்த வரியை நான்கு தடவை படித்தாள். குடும்பத்தில் கார் ஓட்டுவது அவள் ஒருத்திதான். ஆகவே அது அவளுடைய கால்தான். அந்தக் காலை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. பார்க்காத பீஸை எப்படிக் கழித்தார்கள் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. மறுபடி சர்வீஸ் சென்டருக்குப் போய், என் காலைப் பார்த்தது யார், எப்போது, எத்தனை தடவை என்று எழுதிக் கேட்டுவிட்டு வந்தாள்.

விஷயம் பனியன் கம்பெனிக்குள் பரவியது. மேசைக்கு மேசை பெண்கள் குனிந்து அவளுடைய இடது காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பரிதாபமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அதன் விளைவாக நாகஜோதியே தன் காலைப் பார்க்கத் தொடங்கினாள். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது அது தானாகக் குறுக்குக் கம்பியின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை ஒரு நாள் கண்டாள். இறக்கி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறியிருந்தது. அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. தனக்குத் தெரியாமல் இந்தக் கால் காருக்குள்ளும் இதைத்தான் செய்துகொண்டிருந்ததோ என்று ஒரு சந்தேகம் புகுந்துவிட்டது. சாயங்காலம் ஒரு தையல்காரப் பெண் தைத்ததில் வரிசையாகப் பொத்தல் விழுந்திருந்தது. வழக்கமாக அவளைத்தான் திட்டியிருப்பாள். அன்று மிஷினைக் கழற்றி ஊசியைப் பார்க்கச் சொன்னாள். ஊசி முனை மழுங்கிக் கிடந்தது.

அவள் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குக் கார் கம்பெனி பணிந்ததா, பயந்ததா தெரியவில்லை. 'ஓட்டும் பழக்கப் பரிசோதனை' என்று ஒன்று இருப்பதாகப் பரணி போனில் சொன்னான். அதே மாடல் வண்டி ஒன்றைத் தருவார்கள். நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து குகன் என்ற இன்ஜினியர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, காலைப் படம் பிடித்து, ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொள்வார்.

நூறு கிலோமீட்டர் என்றதும் ராக்கம்மாளுக்குக் கணக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தாராபுரம் போய் வந்தால் நூறு. கோபத்தில் இருக்கும் மகளைச் சமாதானப்படுத்த ஒரு வெள்ளாட்டுக் குட்டியைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குகன் வந்தார். முப்பது வயது இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, கையில் அட்டையும் படிவமும். பெடலைப் பார்க்கும்படி செல்போனை கியருக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் பொருத்தினார். பின் இருக்கையில் முனீஸும் ராக்கம்மாளும் ஏறியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவிநாசிபாளையத்தில் நிறுத்தி, சொல்லி வைத்திருந்த வீட்டிலிருந்து குட்டியை வாங்கி ராக்கம்மாள் மடியில் வைத்துக்கொண்டபோதுதான் வாய் திறந்தார்.

"மேடம், இது டெஸ்டுங்க. ஆடெல்லாம் ஏத்தக் கூடாதுங்க."

நாகஜோதி படிவத்தை வாங்கி அதில் அச்சடித்திருந்த ஒரு வரியைக் காட்டினாள். வழக்கமான குடும்பப் பயன்பாட்டுச் சூழலில் பரிசோதனை நடத்தப்பட வேண்டும் என்று இருந்தது. குகன் இரண்டு தடவை படித்தார். பிறகு படிவத்தில் 'ஆடு – 1' என்று எழுதிக்கொண்டார்.

நாகஜோதி வாழ்க்கையில் அப்படி ஓட்டியதே இல்லை. கியர் மாற்றியதும் காலை எடுத்துக் கதவோரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டாள். முழங்கால் இரண்டு தடவை ஸ்டியரிங்கில் இடித்தது. குகன் ஒவ்வொரு கியருக்கும் ஒரு கோடு போட்டார். பேச்சுக் கொடுத்தால் கவனம் சிதறும் என்று சொல்லி வைத்திருந்தும் ராக்கம்மாள் கேட்கவில்லை. "ஏய்யா, ஊரான் வீட்டுப் பொம்பளை காலை எண்ணுறதுக்கு எத்தனை வருசம் படிச்சீக?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். நாலு வருஷம் என்று குகன் மெதுவாகச் சொன்னார்.

குண்டடத்துக்கு அப்புறம் ஆட்டுக்குட்டி மடியிலிருந்து நழுவி, முன் இருக்கைகளின் இடைவெளியில் தலையை நீட்டிக்கொண்டது. முனீஸ் இழுத்துப் பார்த்தான். அது கத்திய கத்தலில் நாகஜோதி பிரேக் போட வேண்டி வந்ததால் விட்டுவிட்டான். தாராபுரம் எல்லைவரை அது அங்கேயே நின்றபடி குகனின் படிவத்து ஓரத்தை மென்றுகொண்டு வந்தது.

அந்தப் பயணத்தால் நன்மை இல்லாமலில்லை. குட்டியைப் பார்த்ததும் தங்கை அண்ணனிடம் பேசிவிட்டாள். குகனுக்கும் இலை போட்டார்கள். அவரும் மறுக்காமல் இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். திரும்பி வந்து இறங்கும்போது, உங்கள் காலில் குறையே இல்லை மேடம் என்று மனதாரச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. இடது கால் பெடலில் ஊன்றியிருந்த தடவைகள்: பூஜ்யம். அதற்குக் கீழே இன்னொரு வரி: பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஆட்டின் தலை மறைத்ததால் கால் பார்வைக்குக் கிடைக்கவில்லை, ஆகவே பரிசோதனை முழுமை பெறவில்லை, முந்தைய முடிவே நிலைக்கும்.

முனீஸ் போதும் என்றான். கிளட்ச்சை நாமே மாற்றிக்கொண்டு வண்டியை எடுத்துவிடலாம், கால்தானே, சொல்லிவிட்டுப் போகட்டும் என்றான். நாகஜோதி அவனிடம் சண்டை போடவில்லை. உங்க கத்தரி கோணல்னு எழுதிக் கொடுத்தா கையெழுத்துப் போடுவீகளா என்று மட்டும் கேட்டாள். முனீஸ் யோசித்துப் பார்த்துவிட்டு, போடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டான்.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனவள் பரணியைப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனாள். அவளுடைய காரின் கண்ணாடியில் சுண்ணாம்புக் கட்டியால் 'கிளட்ச்' என்று எழுதியிருந்தது. அதே மாடலில் இன்னும் மூன்று கார்கள் தூசி படிந்து நின்றன. மூன்றின் கண்ணாடியிலும் 'கிளட்ச்'. மூன்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒரு பீஸ் பொத்தல் என்றால் அது பீஸ். நான்கு பீஸ் ஒரே இடத்தில் பொத்தல் என்றால் அது லாட், ஒன்றாகத் தயாரான மொத்தச் சரக்கின் குறை. ஒரு காரின் பின்கண்ணாடியில் சோமனூர் விசைத்தறிக்கூடம் ஒன்றின் பெயரும் போன் எண்ணும் ஒட்டியிருந்தன. அங்கேயே நின்று கூப்பிட்டாள்.

பேசியவர் செங்கோட்டையன், தறிக்கூடத்தின் உரிமையாளர். கிளட்ச் என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்தார். போனில் சொன்னால் நம்பமாட்டீர்கள், நேரில் வாருங்கள் என்றார்.

நாகஜோதியும் முனீஸும் இரண்டு பஸ் மாறிச் சோமனூர் போனார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஐம்பத்தாறு வயது மனிதர், வெள்ளை வேட்டி, மேசைக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு ஒரு கடிதம் மாட்டியிருந்தது. நாகஜோதி கிட்டே போய்ப் படித்தாள். அவளுக்கு வந்த அதே கடிதம். பெயர் மட்டும் வேறு. இடது காலைக் கிளட்ச் பெடலின்மேல் ஊன்றியபடியே ஓட்டும் பழக்கம் உள்ளவர்.

"உங்களுக்கும் இதேதானா அண்ணாச்சி?" என்றாள்.

செங்கோட்டையன் சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேட்டிக்குக் கீழே அவருடைய இடது கால் வலது காலில் பாதி கனம்தான் இருந்தது. தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"மூணு வயசுல போலியோ வந்ததுங்க அம்மிணி. அதுலருந்து இந்தக் கால் ஒரு வேலையுஞ் செஞ்சதில்லீங்க. எங்கய்யனே இத நம்பி ஒரு சொம்புத் தண்ணி கேட்டதில்ல. கம்பெனிக்காரங்கதான் கிளட்ச்ச அமுக்குச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதான் மாட்டி வெச்சுட்டேன்."

அவருடைய காரில் கிளட்ச்சைக் கையால் இழுக்கிற மாதிரி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பிடி வைத்திருந்தது. கார் விற்ற இடத்திலேயே ஆள் வைத்துப் பொருத்தி, ஆர்டிஓ சான்றும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவர் வழக்குப் போடவும் இல்லை, வண்டியை எடுக்கவும் இல்லை. வாரத்துக்கொரு தடவை சர்வீஸ் சென்டருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டு வருவார். அப்படிப் போய் வந்ததில் மற்ற இரண்டு கார்க்காரர்களையும் பழக்கம் பிடித்திருந்தார். ஒருவர் பல்லடத்து மருந்துக்கடைக்காரர், இன்னொருவர் ஊத்துக்குளியில் ஒரு டீச்சர். அவர்களிடமும் போனில் நகல் கேட்டு வாங்கி, நான்கு பேரின் ஆர்சி புத்தகங்களையும் வைத்துப் பார்த்தபோது நான்கு கார்களும் ஒரே மாதத்தில் தயாரானவை. எல்லாவற்றிலும் கிளட்ச் ஆறாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடைப்பட்ட கிலோமீட்டரில் கருகியிருந்தது.

அன்று நாகஜோதி, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு அனுப்பும் படிவத்திலேயே ஓர் அறிக்கை எழுதினாள். பொருள்: கார். மாதிரி எண்ணிக்கை: நான்கு. குறையுள்ளவை: நான்கு. குறையின் பெயர்: கிளட்ச் பிளேட். முடிவு: லாட் ரிஜெக்ட்.

அடுத்த வாரம் சர்வீஸ் சென்டர் மேனேஜர் அறையில் கூடினார்கள். குகனும் வந்திருந்தார். செங்கோட்டையன் சட்டத்தோடு கடிதத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். காலையும் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். கடிதத்தில் சொல்லியிருக்கும் கால் இதுதானா என்று அடையாளம் காட்டும்படி பணிவாகக் கேட்டார். மேனேஜர் காலைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். அது எல்லோருக்கும் அனுப்புகிற கடிதம் என்றார். குகன் தலையைக் குனிந்துகொண்டு, அந்த வண்டியைத் தான் பார்க்கவே இல்லை என்று சொன்னார். கைப்பிடி பொருத்தியதால்தான் கிளட்ச் போயிருக்கும் என்று மேனேஜர் வேறு பாதையில் போகப் பார்த்தார். அப்போதுதான் நாகஜோதி அறிக்கையை நகர்த்தி வைத்தாள்.

"எனக்குக் கைப்பிடி இல்லை சார். டீச்சருக்கும் இல்லை. நாலு பீஸ் ஒரே லாட்டுல ஒரே எடத்துல போனா நாங்க தச்சவ காலைப் பாக்கமாட்டோம். நூலைப் பாப்போம். நீங்க நூலைப் பாத்தீகளா?"

பரணி எல்லோருக்கும் இன்னொரு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்தான்.

மூன்று வாரம் கழித்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நல்லெண்ண அடிப்படையில் நான்கு கார்களுக்கும் இலவசமாகக் கிளட்ச் மாற்றித் தரப்படும். கார்கள் கிளட்ச் மாற்றி, கழுவித் துடைத்துத் தயாராக நின்றன. ஆனால் கம்ப்யூட்டர் சாவியைக் கொடுக்க விடவில்லை. புகாரை முடிக்க வேண்டுமானால் கிளட்ச் போனதற்குக் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். பரணி திரையைத் திருப்பிக் காட்டினான். அதில் மூன்று காரணங்கள்தான் இருந்தன: இடது கால், அதிகச் சுமை, வெள்ளம்.

உங்கள் பிளேட் சரியில்லை என்பதற்கு எங்கே அமுக்குவது என்று நாகஜோதி கேட்டாள்.

"அதுக்கு இதுல எடமே வெக்கலீங்க மேடம்" என்றான் பரணி. அவனுக்கே அப்போதுதான் அது தெரிந்தது போல இருந்தது.

செங்கோட்டையன் யோசிக்கவே இல்லை. இடது கால் என்றே போடச் சொன்னார், அவர் காலுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே வேலையைப் பறிக்க வேண்டாம் என்றார். நாகஜோதியால் அது முடியவில்லை. காலை பத்து மணியிலிருந்து மதியம்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பொய்யான காரணத்தை எழுதி ஒரு பீஸைக்கூட அவள் அனுப்பியதில்லை. கடைசியில் முனீஸ், மூன்று பேர் போன காருக்கு அதிகச் சுமை என்று எழுதினால் அம்மா வாழ்நாள் முழுக்க அதைத் தன்னைத்தான் சொன்னதாக எடுத்துக்கொள்வாள் என்று காதோரம் சொன்னான். ஆக, மிச்சம் இருந்தது வெள்ளம்.

வெள்ளம் வந்த இடமும் தேதியும் கேட்டது கம்ப்யூட்டர். பரணி அவிநாசிபாளையம் என்று போட்டான். காதுகுத்து நடந்த தேதியைப் போட்டான். அந்த மாதம் முழுக்க அந்தப் பக்கம் ஒரு பொட்டு மழை இல்லை. அச்சாகி வந்த தாளில் நாகஜோதி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், 'வெள்ளம் எதுவும் வரவில்லை. காலிலும் குறையில்லை' என்று தமிழில் எழுதி, அதன் கீழே போட்டாள். தனக்கு ஒரு நகலும் வாங்கிக்கொண்டாள்.

புதுக் கிளட்ச் நன்றாகவே இருந்தது. கால்தான் தகராறு செய்தது. கியர் மாற்றியதும் அது பயந்துபோன கோழி மாதிரி எகிறிக் கதவோரம் ஒதுங்கியது. சிக்னலில் நிற்கும்போது சமயத்துக்குத் திரும்பி வராமல் வண்டி ஆஃப் ஆனது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் அது பழையபடி தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

தை பிறந்ததும் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கு வந்தவர் லேப்டாப்பில் எதையோ பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று பதிவாகியிருக்கிறது, தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்.

நாகஜோதி உள்ளே போய் நகலை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் மேலே அச்சடித்திருந்ததைப் படித்தார், கீழே கையால் எழுதியிருந்ததைப் படித்தார், மறுபடி மேலே போனார். ராக்கம்மாள் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நாகஜோதி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். செங்கோட்டையன் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்த இடம் வந்தபோது மனிதர் லேப்டாப்பை மூடிவிட்டார்.

வாசலில் நின்ற தன் காரைப் பார்த்தார். அதுவும் அதே மாடல்தான்.

"ஒண்ணு கேக்கலாங்களா? பாலம் ஏறும்போது எனக்கும் ஒரு தீஞ்ச வாசம் வருதுங்க" என்றார்.

நாகஜோதி பேனாவை எடுத்தாள். எந்த மாதம் தயாரான வண்டி என்று கேட்டாள்.